பதக்கத்தின் பாடபேதம்

வீரத்தின் பொருட்டு அரசு வழங்கும் பதக்கம் என்பது ஒரு சிறு உலோகத் துண்டும், அதனை மார்பில் தாங்கும் நாடாவுமேயாம். அதனைக் கையிலெடுத்து எத்துணை நேரம் புரட்டிப் பார்ப்பினும், யாருக்கு, எச்செயலுக்காக, எவர் உயிரின் விலையாக அது வழங்கப்பெற்றது என்பதனைத் தானாக உரைக்கமாட்டாது. உரைப்பன, அரச வர்த்தமானியில் அதன்பொருட்டு வெளிவரும் சில வரிகளே. அவற்றைச் சான்றுரை என்று ஈண்டு வழங்குவாம். ஒரு செய்யுளைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் நாம், இச்சான்றுரைகளை மட்டும் அலுவலகக் குறிப்பென எண்ணித் தள்ளிவிடுகின்றோம். அங்ஙனம் தள்ளுதல் தகாது. செய்யுளைப் படிக்கும் அதே கண்கொண்டு அவற்றையும் படித்தல் வேண்டும். அவற்றுள் ஒரு தொடர் மாறினும் ஒரு மனிதனின் வரலாறே மாறிவிடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதனை நிறுவுதற்கு இருவரை எடுத்துக்கொள்வாம். ஒருவர் சீக்பிரீட் சசூன். மற்றவர் வில்பிரட் ஓவன். இருவரும் முதலாம் உலகப் போரிலே பிரித்தானியக் காலாட்படையில் அதிகாரிகளாயிருந்தோர், இருவரும் கவிஞர், இருவரும் அப்போரின் கொடுமையைப் பாடிப் புகழ்பெற்றோர். அவ்விருவருமே போர்க்களத்து வீரத்திற்காக மிலிற்றறி குறொஸ் என்னும் படைச்சிலுவைப் பதக்கத்தைப் பெற்றவர் என்பதனை அவர்தம் கவிதைகளைப் பயில்வோருட் பலர் ஒரு வரிக் குறிப்பாக மட்டுமே அறிவர். அவ்வொரு வரிக்குள் அடங்கிக் கிடப்பது பெரிது.

முதற்கண் பதக்கத்தின் இயல்பை நோக்குவாம். படைச்சிலுவை 1914 டிசெம்பர் 28 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரால் ஏற்படுத்தப்பெற்றது. வெள்ளியாலாய சிலுவை, வெண்ணிற நாடா, நாடாவின் நடுவே ஊதா நிறத்தில் ஒரு பட்டை. கப்ரன் தரத்தினரும், அவருக்குக் கீழ்ப்பட்ட லெப்ரினன்ற் தரத்தினரும், வாரண்ட் அதிகாரிகளுமே இதற்கு உரியர். சாதாரண வீரர்க்கென 1916 மார்ச்சு மாதத்தில் வேறொரு பதக்கம் ஏற்பட்டது. எனவே ஒரே அகழியில், ஒரே இரவில், ஒரே செயலை இருவர் செய்யினும், அவர்தம் பதவிக் குறியை நோக்கி இருவேறு பதக்கம் வழங்குவதே அக்கால வழக்கு. இவ்வேற்றுமை 1993 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பெற்றது. முதலாம் உலகப் போரின்பொருட்டு வழங்கப்பெற்ற படைச்சிலுவைகள் 37,000 இற்கும் மேற்பட்டவை. அக்காலத்துச் சிலுவையில் பெற்றவர் பெயரை அரசு பொறித்துக் கொடுக்கவில்லை என்பதும் நினைவில் இருத்தற்குரியது. பெயரில்லாத வெள்ளிக்குப் பெயரும் பொருளும் தருவது சான்றுரை ஒன்றேயாம்.

அச்சான்றுரைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர் ஒன்றுண்டு. அதனைத் தமிழிற் கூறுமிடத்து, 'யாவரும் காணத்தக்க தறுகண்மை' எனலாம். இத்தொடரில் 'காணத்தக்க' என்னும் அடையே கருதற்பாலது. கண்டவர் இருந்தாலன்றிப் பதக்கம் இல்லை. கண்டு சொல்லத்தக்க மேலதிகாரி ஒருவர் உயிரோடிருத்தல் வேண்டும். அவர் எழுதுதல் வேண்டும். அவ்வெழுத்து மேலிடஞ் சென்று ஏற்கப்படுதல் வேண்டும். கண்ட அனைவரும் மாண்டுபோன இடத்திற் செய்யப்பட்ட பெருஞ்செயல் மண்ணோடு மண்ணாயிற்று. ஆதலின், பதக்கம் பெறாதோர் வீரரல்லர் என்று கொள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது. பதக்கம் வீரத்தின் அளவுகோல் அன்று. காணப்பட்ட வீரத்தின் பதிவு மட்டுமே.

இனிச் சசூனின் செயலைக் காண்போம். அவர் 1886 இல் கெந்து மாவட்டத்திற் பிறந்தவர். வேட்டையிலும் குதிரையேற்றத்திலும் துடுப்பாட்டத்திலும் காலங்கழித்த செல்வக் குடியினர். போர் மூண்டவுடன் தாமாகவே படையிற் சேர்ந்து, 1915 இல் றோயல் வெல்ச் பியூசிலியர் படைப்பிரிவில் அதிகாரியானார். அவ்வாண்டிலேயே தம்பியைக் கலிப்போலிப் போரில் இழந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் நெருங்கிய நண்பர் ஒருவரைப் பிரான்சிய அகழியில் இழந்தார். அதன்பின் பகைவர் மேற் சினங்கொண்டு இரவுதோறும் முள்வேலியைக் கடந்து உலாவியமையால், 'பித்தர் ஜக்' என்று பொருள்படும் பட்டப்பெயர் அவரைச் சார்ந்தது.

1916 மே மாத இறுதியில் மமெற்சு என்னும் ஊரின் அருகே, பகைவர் அகழிமீது ஒரு சிறு படையணி இரவிலே பாய்ந்தது. முள்வேலி அறுபடவில்லை, பாய்ந்தோர் குண்டுகளுக்கு இரையாகிச் சிதறினர். சசூன் தம் அகழியினின்றும் வெளியேறி, துப்பாக்கிச் சூட்டுக்கும் கைக்குண்டுகளுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நின்று, வீழ்ந்தவரை ஒவ்வொருவராகத் தேடிக் கொணர்ந்தார். ஆழ்ந்த குண்டுக்குழி ஒன்றிலிருந்து பெருமுயற்சியோடு மேலேற்றிய கோப்பிறல் ஒருவர் பிழைக்கவில்லை. எனினும் காயமுற்றோரும் மாண்டோருமாகிய எல்லோரும் மீட்கப்பட்டனர். இச்செயலுக்கே அவர்க்குச் சிலுவை கிடைத்தது. சான்றுரையும் இதனையே சுருங்கக் கூறுகின்றது. அதிலே எத்தனை பகைவரைக் கொன்றார் என்ற கணக்கு இல்லை. தம்மவரைக் கொணர்ந்தார் என்ற செய்தியே உண்டு.

அவ்வாண்டு யூலை மாதத்தில் அவர் இன்னொரு செயல் புரிந்தார். பட்டப்பகலில், கைக்குண்டுகளோடு தனியராய்ச் சென்று, பகைவர் அகழியொன்றில் இருந்தோரை ஓட்டிவிட்டார். ஓட்டியபின் தம் படைக்குச் செய்தி அனுப்பாது, அங்கேயே அமர்ந்து தாம் கொண்டுபோயிருந்த கவிதை நூலைப் படிக்கத் தொடங்கினார் என்று அவர் நண்பரும் அப்படைப்பிரிவின் அதிகாரியுமான றொபேட் கிறேவ்ஸ் எழுதியுள்ளார். மேலதிகாரி சினந்தார். அச்செயலுக்குப் பதக்கம் இல்லை. முன்னையது தம்மவரைக் காத்த செயல். பின்னையது தனியொருவரின் துணிச்சல். எதனைப் பதிவது, எதனை விடுவது என்பதில் படையும் ஒரு பதிப்பாசிரியரேயாம்.

1917 ஏப்பிரலில் அராஸ் போர்க்களத்தில் தோளிற் குண்டு பாய்ந்து சசூன் இங்கிலாந்து மீண்டார். மீண்டவர் அமைதியுறவில்லை. தற்காப்புக்கும் விடுதலைக்கும் என்று தாம் புகுந்த போர், பிறர் நாடு கவரும் போராக மாறிவிட்டது என்றும், அதனை நிறுத்த வல்லோரே வேண்டுமென்று நீட்டுகின்றனர் என்றும், ஆதலின் இனித் தாம் படைப்பணி செய்யமாட்டார் என்றும் ஓர் அறிக்கை வரைந்தார். அவ்வறிக்கை யூலை 30 ஆம் நாள் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. மறுநாள் இலண்டன் 'ரைம்ஸ்' இதழில் வெளிவந்தது. போர்க்காலத்தில் படையதிகாரி ஒருவர் இங்ஙனம் எழுதுதல் படைநீதிமன்றுக்குரிய குற்றம். ஆயினும் அவர் நீதிமன்றேறவில்லை.

ஏன் ஏறவில்லை? ஈண்டுத்தான் பதக்கம் தன் வேலையைச் செய்தது. மார்பிலே சிலுவை நாடா அணிந்த ஒருவரைக் கோழை என்று உலகின்முன் கூற அரசு துணியவில்லை. கோழையல்லர், துரோகியென்றால் மக்கள் நம்பார், ஆகவே எஞ்சியது ஒரு சொல்லே. அது 'நோயாளி' என்பது. கிறேவ்ஸ் தம் நண்பரைக் காக்க வேண்டி மருத்துவக் குழுவின்முன் சாட்சி கூறினார். நரம்புத் தளர்ச்சியுற்றவர் என முடிவு செய்யப்பட்டுச் சசூன் எடின்பரோவின் அருகேயுள்ள கிறெய்க்லொக்காட் மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றார். பதக்கம் அவர் உயிரைக் காத்தது. அவர் சொல்லை மழுக்கியது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

அம்மருத்துவமனையில் அவரைக் கவனித்தவர் டாக்டர் றிவேர்ஸ். இவர் பெயர் தமிழர்க்கு முற்றும் புதியதன்று. நீலகிரியில் வாழும் தோடர்களிடையே தங்கி அவர்தம் வாழ்வையும் வழிபாட்டையும் ஆராய்ந்து 1906 இல் பெருநூல் ஒன்று வெளியிட்டவர் இவரே. தமக்கு அயலான மக்களின் உள்ளத்தை அவசரமின்றிக் கேட்டறியும் பயிற்சியை அம்மலையிலும் பெற்ற அறிஞர், பின்னர் போரால் உள்ளங் குலைந்தோரிடத்தும் அதே பொறுமையைக் காட்டினார். சசூனைப் பைத்தியமென்று அவர் கருதவில்லை. எனினும் படையதிகாரி என்ற முறையில், அவரை மீண்டும் களத்துக்கு அனுப்புதலே தம் கடமையென அறிந்திருந்தார்.

சசூன் தம் பதக்கத்தைக் கடலில் எறிந்தார் என்பது பலரும் கூறும் கதை. மேசையிலும் மேடையிலும் வழங்கும் இக்கதை திருத்தம் வேண்டுவது. 1917 யூலையில் மேர்சி ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அவர் எறிந்தது சட்டையில் தைத்திருந்த நாடாவை மட்டுமே. அது கனமற்றதாகையால் நீரில் மிதந்து சென்றது என்பதனை 1930 இல் வெளியிட்ட 'காலாட்படை அதிகாரியின் நினைவுகள்' என்ற நூலில் அவரே எழுதியுள்ளார். வெள்ளிச் சிலுவை எங்கும் போகவில்லை. அது 2007 இல் ஸ்கொத்துலாந்தின் மல் தீவிலுள்ள வீடொன்றின் மேல்தட்டறையிற் கண்டெடுக்கப்பட்டு, அவர் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நாடாவை எறிந்தமையும் உண்மை. சிலுவையை எறியாமையும் உண்மை. முன்னதைப் பெருக்கிப் பின்னதை மறைப்போர், அவரைத் தம் கொள்கைக்கேற்பச் செதுக்குகின்றனர். அவரோ 1918 இல் தாமே விரும்பிக் களம் மீண்டார். பாலத்தீனத்திலும் பின் பிரான்சிலும் பணிபுரிந்தார். அவ்வாண்டு யூலையில் தம் படையினன் ஒருவனே தவறுதலாகச் சுட்ட குண்டினால் தலையிற் காயமுற்றார். போரை ஒப்புக்கொண்டு மீண்டாரல்லர். தம் வீரர்களைத் தனியே விட மனமில்லாது மீண்டார்.

பதக்கம் அவர்க்கு அளித்த காவலின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காவல் இல்லாதோரை நினைத்தல் வேண்டும். அதே போரில், கோழைமை, களம்விட்டோடல் முதலிய குற்றங்களின்பொருட்டுப் பிரித்தானியப் படைநீதிமன்றங்களின் தீர்ப்பினாற் சுடப்பட்டு மாண்டு, பின்னர் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மன்னிப்புப் பெற்றோர் 306 பேர். அவருட் பெரும்பாலோர் சாதாரண வீரர். அவருள்ளும் குண்டதிர்ச்சியால் உள்ளங் குலைந்தோர் இருந்தனர். அவர்க்கு நாடா இல்லை. பாராளுமன்றத்திற் பேசுவார் இல்லை. றிவேர்ஸ் போன்ற மருத்துவரும் இல்லை. மன்னிப்பு வருதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இனி ஓவனுக்கு வருவாம். அவர் 1893 இல் ஒசுவெசுற்றி என்னும் ஊரிற் பிறந்தவர். சிறிது காலம் பிரான்சில் ஆங்கிலம் கற்பித்தவர். 1916 இல் மன்செஸ்ரர் படைப்பிரிவில் அதிகாரியானார். 1917 இல் குண்டதிர்ச்சியுற்று அதே கிறெய்க்லொக்காட்டிற் சேர்க்கப்பட்டார். அங்கே ஆகத்து மாதத்திற் சசூனைக் கண்டமை ஆங்கிலக் கவிதைக்கு வாய்த்த நற்பேறு. தம் கையெழுத்துப் படிகளை அவரிடம் காட்டித் திருத்தம் பெற்ற ஓவன், அடுத்த ஓராண்டுக்குள் தம் சிறந்த கவிதைகளை எழுதி முடித்தார். 1918 இலையுதிர் காலத்திற் களம் மீண்டார்.

ஒக்டோபர் 1 ஆம் நாள் ஜொங்கூர் என்னும் ஊரின் அருகே நிகழ்ந்த தாக்குதலில், அணித்தலைவர் வீழ்ந்தபின் ஓவன் தலைமையேற்று, பகைவரின் எதிர்த்தாக்குதலைத் தாங்கி நின்றார். இதற்கு அவர்க்குச் சிலுவை வழங்கப்பெற்றது. இச்சான்றுரையிலேதான் பாடபேதம் எழுகின்றது. 1919 இல் அரச வர்த்தமானியில் வெளிவந்த பாடத்தின் கருத்து, கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தனித்த இடமொன்றிலிருந்து தாமே இயக்கிப் பகைவர்க்குப் பேரிழப்பை விளைத்தார் என்பது. 1967 இல் வெளிவந்த அவர் கடிதத் திரட்டின் வழி பரவிய பாடமோ, இயந்திரத் துப்பாக்கியைக் கைப்பற்றிப் பலரைச் சிறைபிடித்தார் என்று கூறுகின்றது. ஒன்றிலே கொலை, மற்றதிலே சிறை. ஏனைய வரிகள் ஏறக்குறைய ஒன்றே. ஒரு தொடரில் ஒரு மனிதனின் உருவம் மாறுகின்றது.

பின்னைய பாடம் முற்றும் பொய் என்று கூறுதலும் நேர்மையன்று. களத்திலிருந்து தாய்க்கு எழுதிய கடிதத்தில், இயந்திரத் துப்பாக்கியொன்றையும் பல கைதிகளையும் பிடித்ததாக ஓவனே குறிப்பிட்டுள்ளார்; தம் கைத்துப்பாக்கியால் ஒருவனை மட்டுமே சுட்டதாகவும் எழுதினார். தாய்க்கு மகன் எழுதும் கடிதம் அது. தாயின் உறக்கத்தைக் கெடுக்க விரும்பாத மகன் எதனை எழுதுவான், எதனை எழுதாது விடுவான் என்பதனைப் பிள்ளை பெற்றோர் எவரும் அறிவர். அரசோ தாயன்று, அது இழப்பை எண்ணும். இரண்டு சான்றுகளும் அதனதன் இடத்தில் மதிக்கத்தக்கன. ஆயின் கடிதத்தின் கருத்தைச் சான்றுரையின் வாயிற் புகுத்தல் எவ்வாறு தகும்?

ஏட்டுச்சுவடி பதிப்பிக்கும் முறையறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். ஏட்டில் உள்ள பாடம் தமக்கு உவப்பற்றதாயினும், தம் கொள்கைக்கு மாறாயினும், ஆசிரியனுக்கு இழுக்கெனத் தோன்றினும், அதனை உள்ளவாறே வைத்து, வேறு பாடம் உண்டாயின் கீழே காட்டுதலே நெறி. நல்லெண்ணத்தாற் செய்யப்படும் திருத்தமே யாவற்றினும் தீங்கானது; ஏனெனில் அதனை எவரும் ஐயுறார்.

இங்கு ஒருவர் தடை எழுப்பலாம். 'இரக்கத்தைப் பாடிய கவிஞன் மனிதரை இயந்திரத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினான் என்று இளம் மாணாக்கர்க்குக் கூறல் வேண்டுமோ? அது கவிதையின் மேன்மையைக் குறைக்காதோ?' என்பர். குறைக்காது; கூட்டும் என்பதே எம் விடை. கையில் குருதி படாதவன் பாடும் இரக்கம் எளிது. ஓவன் பாடியது அத்தகைய இரக்கமன்று. 'விந்தையான சந்திப்பு' என்று பொருள்படும் தலைப்பையுடைய அவர் கவிதையில், இருள் சூழ்ந்த சுரங்கமொன்றிற் கதைசொல்லியின் எதிரே வருபவன், கதைசொல்லியாலேயே முதல்நாள் கொல்லப்பட்ட பகைவன். கவிஞர் தம்மை நிறுத்திய இடம் கொல்லப்பட்டவனின் இடமன்று, கொன்றவனின் இடம். பதக்கத்தை மென்மையாக்கிக் கவிஞரைத் தூயவராக்க முயல்வோர், அவரே விரும்பி ஏற்ற அவ்விடத்திலிருந்து அவரைப் பெயர்க்கின்றனர்.

மேலும், ஓவன் அப்பதக்கத்தை விரும்பினார். தமக்கு அது பரிந்துரைக்கப்பட்டதை அறிந்தவுடன் சசூனுக்கு எழுதிய கடிதத்தில், ஊரிலே அது தமக்கு ஓர் உறுதியைத் தரும் என்பதனால் மகிழ்வதாகக் குறிப்பிட்டார். களத்தைக் காணாதோர் நடுவே போரின் கொடுமையைப் பேசப் புகுபவனை 'அஞ்சியவன் பேச்சு' என்று தள்ளிவிடுவது உலக வழக்கு. சிலுவையணிந்தவனை அங்ஙனம் தள்ள இயலாது. தம் வீரர்களை நன்கு நடத்திச் செல்லுதலும், அவர் படும் துன்பத்தைக் கண்டு அவர்க்காக வழக்குரைத்தலும் ஆகிய இரண்டின்பொருட்டே தாம் களம் வந்ததாக அவர் தாய்க்கு எழுதினார். வழக்குரைப்போனுக்குச் சான்று வேண்டும். சசூனுக்கு நாடா எறியத்தக்கதாயிற்று, ஓவனுக்கு அணியத்தக்கதாயிற்று. எறிந்தவர்க்கும் அணிய விரும்பியவர்க்கும் நோக்கம் ஒன்றே.

ஆயின் அணியும் காலம் ஓவனுக்கு வாய்க்கவில்லை. 1918 நவம்பர் 4 ஆம் நாள், ஒர்ஸ் என்னும் ஊரின் அருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் மாண்டார்; அகவை 25. போர் ஓய ஒரு வாரமே இருந்தது. நவம்பர் 11 இல், போர் ஓய்ந்தமைக்காகச் சுரூசுபரியின் ஆலயமணிகள் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், அவர் இறந்த செய்தி பெற்றோர் இல்லத்தை அடைந்தது. சான்றுரை அச்சேறியது அதற்கும் பின்னரே. அதனை மறுக்கவோ திருத்தவோ அவரால் இயலாது. ஆதலினாலேயே அதனைக் காக்கும் கடன் பிறரைச் சார்கின்றது.

ஆசிரியன்மார்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். இக்கவிஞர்களை வகுப்பிற் கற்பிக்கும்பொழுது, கவிதையை ஒரு பக்கத்திலும் சான்றுரையை மறுபக்கத்திலும் வைத்துக் கற்பியுங்கள். இரண்டும் ஒரே கையின் வரலாறு. சான்றுரையை மட்டும் காட்டினால் மாணாக்கன் போரைத் திருவிழாவெனக் கருதுவான். கவிதையை மட்டும் காட்டினால், போரை வெறுத்தோர் யாவரும் போருக்கு அஞ்சியோரே என்னும் பழம்பொய்க்கு அவனிடத்து மறுமொழி இராது. இரண்டையும் ஒருங்கே கண்டவனே, அஞ்சாதவர்களே போரை வெறுத்தனர் என்பதனை உணர்வான். அவ்வுணர்வு எம் காலத்து இளைஞர்க்கு மிக வேண்டற்பாலது.

மாணாக்கர்க்கும் ஒன்று. வீரனைப் புகழும் எந்த வரியைப் படிக்கும்பொழுதும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதனை எழுதியவர் யார்? அவர் கண்டது எது? அவர் எழுதாது விட்டது எது? இவ்வினாக்கள் வீரத்தை இழிவு செய்யா. ஒன்றரை மணி நேரம் குண்டுமாரியில் நின்று தோழரைத் தேடிய செயல் எவ்வினாவாலும் சிறுமையுறாது. சிறுமையுறுவது, அச்செயலைக் காட்டி வேறெதனையோ விற்க முயலும் சொல் ஒன்றே.

மாண்டோர்க்கு நாம் செய்யத்தக்க மரியாதைகள் சிலவே. அவருள் முதலாவது, அவரைப் பற்றிய பாடத்தைத் திருத்தாதிருத்தல்.